கச்சான் காற்றும் விமான இறக்கையும்

ஊவாத் தேயிலையின் பெயரை உலகச் சந்தையில் நிலைநாட்டியது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக முகடுகளைத் தாண்டிப் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களில் இறங்குகின்றது. கச்சான் என்று நம்மவர் அழைக்கும் அந்தக் காற்றில் வாடி நிற்கும் கொழுந்துக்குத் தனி மணம் ஏறுகின்றது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையில் பறிக்கப்படும் ஊவாக் கொழுந்துக்கு ஏலத்தில் தனி விலை. அதே மாதங்களில் லயன்களின் தகரக் கூரைகள் இரவு முழுவதும் அலறுகின்றன. கூரைமேல் கல்லையும் பழைய டயரையும் ஏற்றி வைத்துவிட்டு மக்கள் உறங்குகின்றனர்.

அந்தத் தகரத்தின் ஓசையைக் கூர்ந்து கேட்டவருக்கு விமானத்தின் இறக்கை ஏன் முறிகின்றது என்பது பாதி விளங்கியிருக்கும். காற்று ஓர் அளவு வரையில் ஏறியதும் தகரத்தின் விளிம்பு முதலில் மெல்ல ரீங்கரிக்கும். இன்னும் ஏறியதும் தானாகவே துள்ளத் தொடங்கும்; துள்ளத் துள்ள இன்னும் அதிகமாகத் துள்ளும். ஒவ்வோர் இரவும் ஆணித்துளை ஒரு மயிரளவு அகலும். கடைசியில் ஒரு நாள் தகரம் பறந்துபோகும். அது அந்த ஆண்டின் மிகப் பெரிய காற்று வீசிய நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மலையக வாசகருக்கு விமான இறக்கையைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கப்படலாம். நம் தோட்டங்களின் மேலுள்ள வானம் வெறும் வானமன்று. 2020 ஜனவரி 3ஆம் நாள் வீரவிலவிலிருந்து புறப்பட்ட விமானப்படையின் வை-12 சிறு விமானம் ஒன்று அப்புத்தளையில் வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் மாண்டனர். அவ்விபத்தின் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் மலைகளின் காற்று மறைவுப் பக்கத்தில், இறங்கு காற்றும் சுழல் காற்றும் கலந்து குமுறும் வெளியில், சிறு விமானமொன்று எவ்வளவு வேகத்தில் செல்லலாம் என்ற கேள்வி நமக்கு அந்நியமான கேள்வியன்று என்பதை அது நினைவூட்டுகின்றது. இன்னொரு காரணமும் உண்டு. கொழுந்து உருட்டும் ரோதையில் கை அகப்பட்டவனைப் பற்றிக் 'கவனக்குறைவு' என்று ஒரு சொல் எழுதிப் பதிவேட்டை மூடிவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். வானத்திலும் நெடுங்காலம் அதே பதிவேடு இருந்தது. அதனைத் திறக்க வைத்தவர்கள் யார், அதற்கு எத்தனை உயிர்கள் செலவாயின என்பதே நாம் இங்கே சொல்லப் புகும் வரலாறு.

முதலில் விஷயத்தின் அடிப்படையைப் பார்ப்போம். விமானம் ஒரே உயரத்தில் நேராகச் செல்லும்போது இறக்கைகள் சுமப்பது அதன் எடையை மட்டுமே. விமானி கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பால் இழுத்தால் இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடுகின்றது, தூக்குவிசையும் கூடுகின்றது. ஆனால் அந்தக் கோணத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஏறத்தாழ 15, 16 பாகையைத் தாண்டியதும் இறக்கையின் மேற்புறத்தை ஒட்டிச் செல்லும் காற்றோட்டம் பிரிந்துபோகத் தூக்குவிசை சரிந்துவிடுகின்றது. விமானிகள் இதனை ஸ்டால் என்பர். ஒரு விமானம் ஸ்டால் ஆகாமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் 50 நொட் என்று கொள்வோம். அந்த வேகத்தில் இறக்கை தன் முழுக் கோணத்தையும் செலவிட்டு விமானத்தின் எடையை மட்டுமே தாங்குகின்றது. தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. ஆகவே 100 நொட் வேகத்தில் அதே கோணத்துக்கு இழுத்தால் எடையைப் போல் நான்கு மடங்கு விசை இறக்கையின்மேல் ஏறும்.

சாதாரண வகைச் சிறு விமானத்தின் இறக்கை, எடையைப் போல் 3.8 மடங்கு சுமையை நிலையான சேதமின்றித் தாங்கவேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவரும் விதி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு, அதாவது 5.7 மடங்கு வரையில், சோதனையின்போது மூன்று விநாடியாவது முறியாமல் நிற்கவேண்டும். 3.8 என்ற அந்த எண்ணின் வர்க்கமூலம் 1.95. ஆகவே 50 நொட்டில் ஸ்டால் ஆகும் விமானம், ஏறத்தாழ 97 நொட்டுக்குக் கீழே செல்லும்வரை, விமானி எவ்வளவு பதற்றத்தோடு தண்டை இழுத்தாலும் இறக்கை முறிவதற்கு முன் ஸ்டால் ஆகிவிடும். தோற்றுப்போவதன் மூலம் இறக்கை தன்னைக் காத்துக்கொள்கின்றது. அந்த வேகத்துக்கு மேலே சென்றால் நிலைமை தலைகீழ்: ஸ்டால் வருவதற்கு முன் முறிவு வந்துவிடலாம். இந்த எல்லைக்குக் கையாளும் வேகம் என்று பெயர்.

மேல்நோக்கி எழும் காற்று வீச்சின் கணக்கு சற்று வேறானது. விமானத்தின் வேகமும் வீச்சின் வேகமும் பெருகிவரும் அளவுக்கு அடி விழுகின்றது. விமானம் தன் வேகத்தைப் பாதியாக்கினால் அடியும் பாதியாகும். பசறை வீதியின் குழிகளைக் கண்டதும் லொறியின் வேகத்தைக் குறைக்கும் ஓட்டுநர் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

இங்கே மாணவர்களை எப்போதும் திகைக்க வைக்கும் ஒரு செய்தி இருக்கின்றது. விமானம் எவ்வளவு இலேசாக இருக்கின்றதோ, இந்த எல்லை வேகமும் அவ்வளவு குறைவு. பல நாடுகளில் பயிற்சி விமானமாகப் பறக்கும் செஸ்னா 172 எஸ் வகையில், 2550 இறாத்தல் எடையோடு கையாளும் வேகம் 105 நொட்; சுமை குறைந்து 1900 இறாத்தலானால் அது 90 நொட்டாக இறங்கிவிடுகின்றது. சுமையை இறக்கிய விமானம் வேகமாகச் செல்லலாம் என்பதே நம் பொதுப்புத்தி சொல்லும் கணக்கு. ஆனால் இலேசான விமானம் மெதுவான வேகத்திலேயே ஸ்டால் ஆகும் தன்மை பெறுகின்றது. அதனால் அதே வேகத்தில் இழுத்தால் அதன்மேல் ஏறும் மடங்கு அதிகமாகின்றது. இறக்கை தாங்கிக்கொண்டாலும் எஞ்சினைப் பிடித்திருக்கும் பொருத்துகள் தாங்கமாட்டா. எஞ்சினின் எடை குறைவதில்லையே. இன்னொரு விந்தை: வேகமானியின் முகப்பில் பச்சை வளையம் 129 நொட் வரையிலும், மஞ்சள் வளையம் அங்கிருந்து 163 வரையிலும், அதன் முடிவில் சிவப்புக் கோடும் தீட்டியிருப்பார்கள். மஞ்சளுக்குள் அமைதியான காற்றில் மட்டுமே நுழையலாம். கொந்தளிப்பில் மிகவும் வேண்டப்படும் கையாளும் வேகம் மட்டும் அந்த முகப்பில் இல்லை. எடையோடு மாறும் எண்ணை எங்கே தீட்டுவது? அதனை விமானி மனத்தில் வைத்திருக்கவேண்டும்.

இவ்வளவு தெளிவாக இன்று எழுதக்கூடிய இந்தக் கணக்கு, விமானம் தோன்றிய காலத்தில் எவருக்கும் தெளிவாக இருக்கவில்லை. 1912இன் இறுதியில் மார்க் பூர்ப் என்ற பிரெஞ்சுக்காரர் ப்ளேரியோ வகை விமானத்தைக் கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பறக்கவிட்டு நகர மக்களை வாய்பிளக்கச் செய்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில், அந்த விமானத்தை ஆக்கிய லூயி ப்ளேரியோ தம் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். ஒற்றை இறக்கை விமானங்கள் பல வானில் நொறுங்கியதற்குக் காரணம், இறக்கையைக் கீழிருந்து பிடிக்கும் கம்பிகளைப் பற்றியே எல்லோரும் கவலைப்பட்டதாகும். விமானம் சட்டென்று மூக்கைத் தாழ்த்தும்போது காற்று இறக்கையை மேலிருந்து அழுத்துகின்றது, அப்போது மேற்கம்பிகள் அறுகின்றன என்பதே அவருடைய முடிவு. பிரெஞ்சு இராணுவம் அவருடைய விமானங்களைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. தன் சரக்கைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய ஆலை முதலாளியை வரலாற்றில் அடிக்கடி காணமுடியாது. ஆகையால் அவரை இங்கே மரியாதையோடு குறிப்பிடுகின்றோம். செப்டெம்பரில் பிரித்தானிய இராணுவமும் ஒற்றை இறக்கை விமானங்களைத் தடைசெய்தது. காரணம் தெரியாத அச்சத்தில் பிறந்த அந்தத் தடை சில மாதங்களே நீடித்தது.

நம் பக்கத்து வானத்தோடு நேரடியாகத் தொடர்புடைய கதை 'பஸ் மொத்' என்ற சிறு விமானத்தினுடையது. டி ஹாவிலண்ட் நிறுவனம் 1929 செப்டெம்பரில் முதன்முதலாகப் பறக்கவிட்ட அது, உருக்குக் குழாய்களால் ஆன உடலும், மூடிய அறையும், உடலுக்கு மேலே ஒற்றை இறக்கையும், இறக்கையைச் சாய்வாகத் தாங்கும் கோல்களும் உடையது. அதற்கு முன்னைய திறந்த விமானங்களில் தோலங்கியும் கண்ணாடியும் அணிந்து குளிரில் நடுங்கியவர்களுக்கு அது ஒரு மோட்டார் வண்டியைப் போன்ற வசதி. செல்வந்தரும் சாதனை வீரரும் அதனை விரும்பி வாங்கினர். 120 குதிரைவலு எஞ்சினும் வடிவான உடலும் அதற்கு நல்ல வேகத்தைத் தந்தன. அந்த வேகமே அதன் இறக்கையைச் சோதனைக்கு உள்ளாக்கியது.

1930 ஒக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பஸ் மொத் வானிலேயே சிதறியது. 1931 மே மாதம் தென்னாபிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலைத்தொடரில் இன்னொன்று. அதில் இறந்தவர் கிளென் கிட்ஸ்டன்: பெருஞ்செல்வர், 1930இல் லே மான்ஸ் கார்ப் பந்தயத்தில் வென்ற இருவருள் ஒருவர், சில வாரங்களுக்கு முன்னர்தான் இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்கு விரைவுச் சாதனை படைத்துப் பறந்து வந்திருந்தார். டிராகன்ஸ்பர்க் என்ற பெயர் நம் வாசகர்களுக்குத் தொலைவானதாகத் தோன்றலாம். 1900இல் அந்தத் தென்னாபிரிக்க மலைநாட்டுப் போர்க்களங்களில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் கப்பலேற்றிக் கொண்டுவந்து அடைத்தது நம் தியத்தலாவையில். மலைமுகட்டைத் தாண்டி விழும் காற்றின் குணம் இரண்டு இடங்களிலும் ஒன்றே.

1932 ஜூலையில் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் சர்ட் என்னும் ஊர்ப் பக்கத்தில் மூன்றாமவர் கண்முன்னே ஒரு பஸ் மொத் நொறுங்கி வீழ்ந்தது. பாராளுமன்ற உறுப்பினர் ஆல்பிரட் பொஸமின் மனைவியும் மகனும் ஜெர்மானியப் பிரபு ஒருவரும் அதில் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் பைரன் பே அருகே, முதலாம் உலகப் போரின் புகழ்பெற்ற விமானியான லெஸ் ஹோல்டன், பயணியாகச் சென்ற பஸ் மொத்தின் இறக்கை முறிந்து இறந்தார். விபத்து நேர்ந்தபோதெல்லாம் முதலில் எழுந்த குரல் எது என்பதை ஊகிப்பது கடினமன்று: புயலுக்குள் நுழைந்தார், அளவுக்கு மீறி வேகம் கொண்டார், முரட்டுத்தனமாக இழுத்தார். இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. ஆனால் இறந்தவர்கள் எல்லோரும் அனுபவமற்றவர்கள் அல்லர். கண்டத்துக்குக் கண்டம், காலநிலைக்குக் காலநிலை மாறியும் ஒரே வகை விமானம், ஒரே விதமாக முறிந்தது. தனித்தனி மனிதரின் தவறுகள் இப்படி ஒரே அச்சில் வார்த்தாற்போல் வருவதில்லை.

ஃபார்ன்பரோவிலிருந்த அரச விமான ஆய்வுநிலையமும், டெடிங்டனிலிருந்த தேசியப் பௌதிக ஆய்வுகூடமும் இதனைக் கையிலெடுத்தன. இறக்கை தானே துள்ளத் தொடங்கும் அந்தத் தகரக் கூரை நோயைப் பற்றி ஃப்ரேசர், டங்கன் என்னும் இரு கணித அறிஞர்கள் 1928இலேயே விரிவான நூலொன்றை ஆக்கியிருந்தனர். இறக்கையின் வளைவும் முறுக்கமும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து, காற்றிலிருந்தே ஆற்றலை உறிஞ்சி, விநாடிகளுக்குள் தன்னைத்தானே உடைத்துக்கொள்ளும் அந்த அதிர்வுக்குப் படபடப்பு என்று பெயர் வைக்கலாம். கையாளும் வேகத்தின் கணக்கு இதற்குச் செல்லாது. தண்டை இழுக்காமல், கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தாலும், குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் அது பிறந்துவிடும். முகப்பின் சிவப்புக் கோடு இதனைக் கருதியும் இடப்படுவது. பஸ் மொத்தை ஆராய்ந்தவர்கள் கண்டது: அதிக வேகத்தில் கொந்தளிப்பான காற்றின் அடி விழும்போது முன்பக்கத் தாங்குகோலின் விறைப்பு போதவில்லை. பரிகாரம் எளிமையானது. முன்கோலின் நடுவிலிருந்து இறக்கையின் பின்னடிப் பொருத்துக்கு ஒரு சிறு துணைக்கோல். கையால் தூக்கி எடுத்துச் செல்லக்கூடிய ஓர் உருக்குத் துண்டு.

இப்போது நம் நாட்காட்டியைப் பார்ப்போம். லெஸ் ஹோல்டன் இறந்து 27 நாட்கள் கழித்து, 1932 ஒக்டோபர் 15ஆம் நாள், கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு இந்தியாவின் புகழ்பெற்ற அஞ்சல் விமானத்தை ஜே. ஆர். டி. டாட்டா ஓட்டி வந்தார். அது ஒரு பஸ் மொத். அகமதாபாத்தில் அதற்கு எரிநெய் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது என்ற செய்தி எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறுகின்றது. அந்த வகை விமானத்தின் இறக்கைகள் அதே ஆண்டில் மூன்று கண்டங்களில் பேசுபொருளாக இருந்தன என்ற செய்தி இடம்பெறுவதில்லை. பம்பாயிலிருந்து நெவில் விண்ட்சென்ட் அஞ்சலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றார். டாட்டாவின் துணிவைக் குறைத்துக் காட்டுவது நம் நோக்கமன்று. அன்றைய துணிவுக்கு என்ன விலை என்பதை முழுமையாக அறிந்துகொள்ள விரும்புகின்றோம், அவ்வளவே.

1935 நவம்பர் 27ஆம் நாள், கொழும்புக்குத் தெற்கே புதிதாகச் சமன்செய்யப்பட்ட இரத்மலானைத் திடலில் முதன்முதலாக ஒரு விமானம் இறங்கியது. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த அதுவும் ஒரு பஸ் மொத். இலங்கையின் முதல் விமான நிலையத்தைத் திறந்துவைத்த இறக்கை, உலகெங்கும் பலரைப் பலிகொண்ட பின்னர் தன் நோய்க்கு மருந்து கண்டுகொண்ட இறக்கை என்பதை இரத்மலானையைப் பற்றி எழுதுவோர் குறித்துவைப்பது நல்லது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்து மாவட்டங்களிலிருந்து பதுளைத் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தது மண்டபம் முகாமின் தொற்றுத்தடுப்புக் கொட்டகைகள் வழியாக. 1938 பெப்ரவரி 28ஆம் நாள் டாட்டாவின் அஞ்சல் விமானம் கொழும்பு வரையில் நீண்டது. கடிதங்கள் பறந்தன, கடிதம் எழுதியவர்கள் தலைமன்னாரில் கப்பலுக்குக் காத்திருந்தனர்.

சிறு விமானத்தில் கற்ற பாடம் பெரிய விமானத்துக்கு மீண்டும் ஒருமுறை கற்பிக்கப்படவேண்டியிருந்தது. 1952 மே 2ஆம் நாள் உலகின் முதல் ஜெற் பயணச் சேவையைத் தொடங்கிய கொமெற், அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் வரத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து இலண்டன் நோக்கிச் சென்ற கொமெற் ஒன்று கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து எழும்பிய சில நிமிடங்களில் கோடைக்காலப் புயல் முகிலுக்குள் சிதறியது. இறக்கையற்ற விமானம் தீப்பற்றி வீழ்ந்ததை ஜகல்கோரி என்ற சிற்றூர் மக்கள் கண்டனர். 43 பேரும் மாண்டனர்.

நீதிபதி லோகுர் தலைமையில் இந்திய அரசு நடத்திய விசாரணையின் முடிவை நாம் கவனமாகப் படிக்கவேண்டும். புயலின் வன்வீச்சாலோ, விமானி அளவுக்கு மீறிக் கட்டுப்பாட்டைக் கையாண்டதாலோ விமானத்தின் உடலமைப்பு மிகைச் சுமைக்கு ஆளாகி முறிந்தது என்பது தீர்ப்பு. பழைய பதிவேடாக இருந்திருந்தால் இரண்டாவது காரணத்தோடு கதை முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை. உடைந்த பாகங்களை ஆராய்ந்து முதல் முறிவு எங்கே நிகழ்ந்தது என்று காண வேண்டும் என விசாரணை மன்றம் கேட்டது. கொந்தளிப்புக் காற்றில் கொமெற் செல்லக்கூடிய வேகத்துக்குக் கடுமையான எல்லை விதிக்கப்பட்டது. புயலை முன்னறிந்து விலக ராடர் பொருத்தப்பட்டது. வேகம் கூடக் கூடக் கட்டுப்பாட்டுத் தண்டும் கைக்குக் கனமாகும்படி ஒரு பொறியமைப்பும் பின்னர் சேர்க்கப்பட்டது. மிகைப்பட இழுக்கும் கையை இயந்திரமே தடுக்கவேண்டும் என்பது அதன் பொருள். பின்னர் 1954 ஜனவரியில் எல்பாத் தீவருகிலும் ஏப்பிரலில் நேப்பிள்ஸ் அருகிலும் மேலும் இரண்டு கொமெற்கள் வீழ்ந்தன. அவற்றைக் கொன்றது பயணிகள் அறையின் சுவரில் ஏற்பட்ட உலோகச் சோர்வு, இறக்கையன்று. அப்போது கொமெற்றின் பறப்புத் தகுதிச் சான்றிதழே திரும்பப் பெறப்பட்டது. ஒரு காகிதம் பறிக்கப்பட்டதும் உலகெங்கும் அந்த விமானங்கள் தரையில் நின்றன.

இந்த இடத்தில் நாம் வானத்திலிருந்து ஒரு கணம் இறங்கித்தான் ஆகவேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மலைச்சரிவு மூடியது. அந்தச் சரிவின் தாங்கும் எல்லை கடந்துவருகின்றது என்று 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. கணக்குப் போட்டவர்கள் இருந்தார்கள், எல்லையும் அறியப்பட்டிருந்தது. லயனின் தகுதிச் சான்றிதழைத் திரும்பப் பெற்று அதனைக் காலியாக நிறுத்தவும், அங்கே வாழ்ந்தவர்களுக்கு வேறு நிலமும் வீடும் தரவும் கடமைப்பட்ட ஒரு மேசை மட்டும் இருக்கவில்லை. கொமெற்றில் பயணம் செய்தவர்கள் யார், மீரியபெத்தையில் உறங்கியவர்கள் யார் என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதை வாசகருக்கே விடுகின்றோம்.

வேக எல்லை எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதிலும் நெடுங்காலம் ஒரு மயக்கம் இருந்தது. கையாளும் வேகத்துக்குக் கீழே விமானி எதைச் செய்தாலும் ஆபத்தில்லை என்று பல தலைமுறை விமானிகள் நம்பினர். 2001 நவம்பர் 12ஆம் நாள் நியூயோர்க்கில் ஏர்பஸ் ஏ300 விமானம் ஒன்று, முன்சென்ற விமானத்தின் சுழல்காற்றில் சிக்கியபோது, துணை விமானி வால் சுக்கானை இடமும் வலமுமாக மாறிமாறி முழு அளவுக்கு மிதித்தார். அப்போது வேகம் எல்லைக்குள்தான் இருந்தது. செங்குத்து வால் முறிந்து கழன்றது. தரையில் இருந்த ஐவரையும் சேர்த்து 265 பேர் மாண்டனர். ஒரு திசையில் ஒருமுறை திருப்புவதற்கு மட்டுமே அந்த எல்லை கணக்கிடப்பட்டது. முன்னும் பின்னுமாகத் திருப்பினால் அது காக்காது. இந்த வாசகத்தை விதிநூலில் வெளிப்படையாகச் சேர்க்க 2010ஆம் ஆண்டு ஆயிற்று. விசாரணைக் குழு விமானியின் கால்களைக் குற்றம் சொன்னது. கூடவே சுக்கானின் மிகை உணர்ச்சியையும், அப்படி மிதிக்கும் பழக்கத்தை வளர்த்த நிறுவனப் பயிற்சியையும் காரணங்களாகச் சேர்த்தது. 1930களின் பதிவேட்டிலிருந்து இது எவ்வளவு தூரம்!

எல்லா வேக எல்லைகளையும் மதித்து நடக்கும் விமானமும் முறியக்கூடும். ஆணித்துளையின் கதை இது. 1945 ஜனவரி 31ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஸ்டின்சன் விமானம் ஒன்றின் இறக்கை முறிந்து 10 பேர் மாண்டனர். இறக்கையின் முதுகெலும்பாகிய ஸ்பாரில் சோர்வு வெடிப்பு வளர்ந்திருந்தது. 1951 ஒக்டோபர் 15ஆம் நாள் மேற்கு ஆஸ்திரேலியாவில் டி ஹாவிலண்ட் டவ் ஒன்று அதே நோயால் வீழ்ந்து எழுவர் மாண்டனர். 1951இல் நிறுவப்பட்ட அரச இலங்கை விமானப்படையும் பின்னர் டவ் விமானங்களை வாங்கிப் பறந்தது. இரத்மலானை அருங்காட்சியகத்தில் அவ்வகை விமானத்தை மாணவர்கள் இன்றும் காணலாம். பார்க்கச் செல்பவர்கள் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் சற்று நின்று நோக்கவேண்டும். ஒவ்வொரு பறப்பிலும், ஒவ்வொரு வீச்சிலும், ஒவ்வொரு தரையிறக்கத்திலும் அந்த இடம் வளைந்து நிமிர்கின்றது. எந்த ஒரு வளைவும் உடைக்கும் அளவானதன்று. எண்ணிக்கைதான் உடைக்கின்றது.

2018 ஏப்பிரல் 4ஆம் நாள் அமெரிக்காவின் டேடோனா பீச்சில், விமானப் பல்கலைக்கழகம் ஒன்றின் பைப்பர் பயிற்சி விமானம் தரையைத் தொட்டு மீண்டும் ஏறிக்கொண்டிருந்தபோது அதன் இடது இறக்கை கழன்று விழுந்தது. பயிற்சி மாணவரும் அவரைப் பரீட்சித்தவரும் இறந்தனர். வானிலை நல்ல வானிலை. வேகம் எல்லா எல்லைகளுக்கும் வெகு கீழே. ஸ்பாரின் அடிப்பட்டையில், ஒரு போல்ட் துளையில் தொடங்கிய வெடிப்பு கண்ணுக்குப் படாமல் வளர்ந்திருந்தது. அந்த விமானம் 7,600 மணிக்கு மேல் பறந்திருந்தது. அதைவிடக் கூடுதலாகப் பறந்த பைப்பர்கள் தனியாரின் கொட்டகைகளில் நலமாக நின்றன. வேறுபாடு மணிகளின் எண்ணிக்கையில் இருக்கவில்லை. வார இறுதியில் உரிமையாளரைச் சுமந்து அமைதியான உயரத்தில் செல்லும் விமானம் ஒன்று. நாள் முழுவதும் தரைக்கு அருகே குலுங்கும் காற்றில், கற்றுக்குட்டிகளின் கையில், ஏறுவதும் இறங்குவதும் மோதுவதுமாக உழைக்கும் விமானம் இன்னொன்று.

அமெரிக்க விமானத்துறை ஆணையம் அதன் பின்னர் பிறப்பித்த கட்டளை, அந்த வகை விமானங்களின் ஸ்பார்த் துளைகளை மின்சுழல் முறையில் சோதிக்கச் சொல்கின்றது. எப்போது சோதிப்பது என்பதற்கு ஒரு கணக்கும் தருகின்றது. வாடகைக்கும் பயிற்சிக்கும் ஓடும் விமானங்களுக்கு 100 மணிக்கு ஒருமுறை பரிசோதனை கட்டாயம் என்பதால், அந்தப் பரிசோதனைகளின் எண்ணிக்கையிலிருந்து விமானம் உழைத்த மணிகளை அறிந்துகொள்ளலாம். அந்த மணிகளை முழுமையாக எழுதவேண்டும். உரிமையாளர் தம் விருப்பத்துக்குப் பறந்த மிச்ச மணிகளை 17ஆல் வகுத்து எழுதினால் போதும்.